கழுதைக்குக் கொட்டகை கேட்டால் ஏன் சிரிக்கிறீர்கள்?

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று பேச்சுவாக்கில் சொல்வோம். அது இப்போது அரசாங்கக் கணக்கிலேயே நடந்துவிட்டது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் கழுதைகள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் அது 1 லட்சத்து 20 ஆயிரம். ஏழே வருஷத்தில் 61 சதவீதம் காணாமல் போயிருக்கிறது. குதிரை, மட்டக்குதிரை இரண்டும் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல் இருந்தவை 3 லட்சத்து 40 ஆயிரமாக இறங்கிவிட்டன. மினி லாரியும் ஆட்டோவும் வந்த பிறகு கழுதைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத பிராணிக்குச் சோறு போட ஆளில்லை. கதை அவ்வளவுதான்.

நம் விருதுநகர் மாவட்டத்தில் மிச்சமிருக்கிற கிழட்டுக் கழுதைகளுக்கும், ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் வாடகைக்கு ஓடி ஓய்ந்துபோன குதிரைகளுக்கும் ஒரு நிரந்தரக் கொட்டகை வேண்டும் என்று கொஞ்ச காலமாகச் சொல்லி வருகிறேன். கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். கேட்டு முடித்ததும் சிரிக்கிறார்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிற நண்பர்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், டீக்கடை பெஞ்சுக்காரர்கள் என்று எல்லாருமே. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நாலைந்து வாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வாதம் எல்லாருக்கும் தெரிந்தது. "மனுசனுக்கே வழியக் காணோம், கழுதைக்கு முதியோர் இல்லமா அண்ணாச்சி?"

இதைக் கேட்கிறவர்களில் எத்தனை பேர் மனுசனுக்கான முதியோர் இல்லத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் சண்டை வரும். ஆனால் கணக்கைச் சொல்கிறேன். 150 கிலோ எடையுள்ள ஒரு கழுதைக்கு ஒரு நாளைக்கு இரண்டு முதல் மூன்று கிலோ காய்ந்த தட்டையும் வைக்கோலும் போதும். புண்ணாக்கு வேண்டாம், பருத்திக்கொட்டை வேண்டாம், கலப்புத் தீவனம் வேண்டாம். ஒரு கல்யாண வாசலில் ஐந்து நிமிஷம் கொளுத்துகிற வெடிக்காசில் ஒரு கழுதைக்கு எத்தனை மாசத்துத் தட்டை வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மனுசன் சாப்பாட்டில் கைவைத்துத்தான் கழுதையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலைமை எங்கும் கிடையாது.

இது தர்மம் பண்ணுகிற விஷயமும் இல்லை, கடன் தீர்க்கிற விஷயம். உப்பளத்து உப்பு கழுதை முதுகில் ஏறித்தான் உள்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தது. ஊர் அழுக்கு மூட்டை அதன் முதுகில்தான் ஆற்றங்கரைக்குப் போனது. ஆற்று மணல், காளவாசல் செங்கல், வீடு கட்ட மண் எல்லாம் அதே முதுகில்தான். ரொம்பப் பழைய கதை என்று நினைக்காதீர்கள். தருமபுரி மாவட்டம் பென்னாகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டூர் மலைக்கு ரோடு இல்லாததால் தேர்தல் தோறும் ஓட்டு இயந்திரங்களைச் சுமந்து மலையேறியவை கழுதைகள்தாம். திண்டுக்கல் சிறுமலையில் எலுமிச்சையும் வாழைத்தாரும் குதிரை முதுகில் இறங்கி வந்ததை நம்மில் பலர் நேரில் பார்த்திருப்போம். வேலை வாங்கும்போது இருந்த கழுதை, வயசான பிறகு மட்டும் யாருடையதும் இல்லாமல் போவது என்ன நியாயம்?

சட்டமும் இல்லாமல் இல்லை. சுமை தூக்கும் பிராணிகள் பற்றி 1965-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ. அதற்கு மேல் ஏற்றக்கூடாது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே வாங்கக்கூடாது. பங்குனி பிறந்துவிட்டால் நம் ஊரில் 37 டிகிரி ஒரு வெயிலா? ஆனால் அந்த மூன்று மணி நேரம் ஒரு கழுதையையாவது நிழலில் கட்டியதை நான் சர்வீஸில் இருந்த காலத்தில் அபூர்வமாகத்தான் பார்த்தேன். காரணம் சுலபம். 1960-ம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. பிராணியைப் பட்டினியிலும் தாகத்திலும் கைவிட்டுப் போவதும் இதே சட்டத்தில் குற்றம், அதற்கும் இதே அபராதம். இன்றைக்கு இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் வருகிற பில் அது.

இதைச் சொல்வதால் கழுதை வைத்துப் பிழைத்தவர்கள் மேல் பழி போடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடுகிறவன், கால் ஒடிந்த கழுதையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ராத்திரியோடு ராத்திரியாக நாலு வழிச் சாலை ஓரத்தில் விட்டுவிட்டுத்தான் போவான். அவனிடம் அபராதம் கேட்பதை விட, "இங்கே கொண்டுவந்து விட்டுவிடு, ஒன்றும் கேட்க மாட்டோம்" என்று சொல்ல ஓர் இடம் இருந்தால் அவன் ஏன் ரோட்டில் விடப்போகிறான்? சாத்தூர் பக்கம் இருட்டில் ரோட்டுக்கு நடுவில் நிற்கிற கழுதை மேல் பைக்கில் மோதிச் சாகிறவனும் மனுசன்தான். மனுசனுக்கே வழியில்லை என்கிறவர்கள் அந்த மனுசனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வாதம். "அது பாட்டுக்கு மேஞ்சு பிழைச்சுக்கும் சார். கழுதைக்கு என்ன நோய் வருது?"

கழுதைக்கு நோய் வருகிறது. நமக்குத்தான் தெரிவதில்லை. பாலைவனத்தில் பிறந்த இனம் அது. வலி இருப்பதை வெளியில் காட்டினால் அடித்துத் தின்ன மிருகம் வரும் என்று பழகிய உடம்பு. குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் புரளும், மண்ணை உதைக்கும், வியர்த்துக் கொட்டும். கழுதை சும்மா தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். "சாதுவா நிக்குது" என்று நாம் சொல்லிவிட்டுப் போகிற கழுதை, பல நேரம் வலியில் நிற்கிற கழுதை. இரண்டு மூன்று நாள் தீனி எடுக்காவிட்டால் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும். அதன் பிறகு டாக்டர் வந்தும் பிரயோஜனம் இருக்காது.

போஸ்டர் தின்கிற கழுதையைப் பார்த்து நாம் சிரித்தே பழகிவிட்டோம். அது ருசிக்காகத் தின்னவில்லை. நார்ச்சத்துக்கு அலைகிற பிராணிக்குத் தட்டை கிடைக்காதபோது பேப்பர் கிடைக்கிறது, அவ்வளவுதான். பேப்பரோடு பசையும் பிளாஸ்டிக்கும் உள்ளே போகும். குதிரை இனத்துக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடலில் அடைத்துக்கொண்டால் அதோடு முடிந்தது. குளம்பும் அப்படித்தான். கல்லும் பாறையுமான நிலத்தில் நடந்தால் தானாகத் தேயும். நம் கரிசல் மண்ணில், அதுவும் குப்பைமேட்டையே சுற்றிச் சுற்றி வருகிற கழுதைக்குத் தேயாது. செருப்பு முனை மாதிரி மேல்நோக்கி வளைந்து, நடக்கவே முடியாமல் ஆகிவிடும். ஆறிலிருந்து பத்து வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட வேண்டும். "தானா பிழைச்சுக்கும்" என்கிறவர்கள் அந்தக் குளம்பைத் தூக்கி ஒருமுறை அடிப்பக்கம் பார்த்திருக்கிறார்களா?

ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சவாரிக்கு ஓடுகிற மட்டக்குதிரைகள் வயசானதும் கடைத்தெருவில் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டு நிற்கும். அந்த மாதிரிக் குதிரைகளையும் கழுதைகளையும் எடுத்து வைத்துப் பார்க்கிற இடம் ஒன்று, மசினகுடிக்குப் பக்கத்தில் மாவனல்லாவில் இருக்கிறது. ஐபான் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நைஜல் ஓட்டரும் கால்நடை டாக்டரான இலோனா ஓட்டரும் நடத்தி வந்தது. இலங்கையில் மன்னாரில் தெருவில் திரியும் கழுதைகளுக்கு என்றே ஒரு வைத்தியசாலை இருக்கிறது. இங்கிலாந்தில் எலிசபெத் ஸ்வெண்ட்சன் என்ற அம்மா 1969-ல் ஆரம்பித்த கழுதைச் சரணாலயம் இன்றைக்கு உலகம் பூராவும் வேலை செய்கிறது. ஆக, யாரும் செய்யாததை நான் கேட்கவில்லை.

மூன்றாவது வாதம் கொஞ்சம் நல்ல மனசோடு வருவது. "கோசாலை இருக்கே, அதுல ஒரு மூலையில விட்டுடலாமே?"

விடக்கூடாது. மாடு அசை போடுகிற பிராணி, வயிறு நாலு அறை. கழுதைக்கும் குதிரைக்கும் ஒற்றை வயிறு, செரிமானத்தின் பெரும்பகுதி பின்குடலில். மாட்டுக்குச் சத்து என்று போடுகிற தவிடும் தானியமும் கழுதைக்குக் குளம்புக்குள் வீக்கத்தைக் கொண்டுவரும். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கிற ஒருசில மருந்துகள் குதிரை இனத்துக்கு நேரடி விஷம். பூஞ்சை பிடித்த வைக்கோலை மாடு ஓரளவு தாங்கும், குதிரை தாங்காது. ரணஜன்னி மாட்டை விடக் குதிரையைச் சீக்கிரம் அடிக்கும், தடுப்பூசி கட்டாயம். கழுதைக்குக் கூட்டாளி வேண்டும். ஜோடியாக இருந்ததைப் பிரித்து மாட்டுக்கு நடுவில் தனியாகக் கட்டினால் தீனியை விட்டுவிடும், தீனியை விட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். கோசாலை நடத்துகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது இதற்கான இடம் இல்லை.

அப்படியானால் இதற்கான இடத்தில் என்ன நடக்க வேண்டும்? கொட்டகை என்றதும் எல்லாரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் திறப்புவிழாக் கல்வெட்டும்தான் நினைக்கிறார்கள். கொட்டகை கட்டுவது ஒரு மாச வேலை. அதை வருஷம் பூராவும், பருவத்துக்குப் பருவம் நடத்துவதுதான் வேலை. நம் ஊர்ப் பருவத்தை வைத்தே சொல்கிறேன்.

பங்குனி, சித்திரை, அக்னி நட்சத்திரம். இது தண்ணீர்க் காலம். கழுதை வெயில் தாங்கும் என்பது உண்மை, ஆனால் தண்ணீர் இல்லாமல் தாங்கும் என்று அர்த்தமில்லை. கழுதைக்கு நாளைக்கு 10 முதல் 25 லிட்டர், குதிரைக்கு வெயிலில் 30 முதல் 50 லிட்டர் வரை வேண்டும். கழுதை சுத்தத்தில் ரொம்பக் கறார். பாசி பிடித்த தொட்டியில் வாய் வைக்காது, தாகத்தோடேயே நிற்கும். தொட்டி நிழலில் இருக்க வேண்டும், தினமும் கழுவ வேண்டும், பக்கத்தில் கல்லுப்பு இருக்க வேண்டும். ஈ அதிகம், புண் இருந்தால் புழு வைத்துவிடும். சேணம் அழுத்திய பழைய காயங்கள் இந்தக் காலத்தில்தான் திரும்பத் திறக்கும்.

ஆனி, ஆடி. காற்றுக் காலம். கரிசல் புழுதி கண்ணில் படிந்து நீர் வடியும், தினமும் துடைக்க வேண்டும். மேய்ச்சலில் ஒன்றும் இருக்காது, சீமைக்கருவேல முள் மட்டும்தான் இருக்கும். முள் குளம்புக்குள் ஏறினால் சீழ் வைக்கும். தட்டையும் வைக்கோலும் முன்கூட்டியே வாங்கி, மழை படாத மேட்டில் அடுக்கி வைக்க வேண்டிய நேரமும் இதுதான். இதைத் தவறவிட்ட கொட்டகை ஐப்பசியில் பிச்சை எடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை. கொட்டகை உண்மையிலேயே கொட்டகையா என்று தெரிவது இப்போதுதான். கழுதையின் முடி மழைநீரை வழியவிடாது, ஊறிப்போகும். குதிரைத் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு கழுதைக்குக் குறைவு. நனைந்த கழுதைக்குச் சளியும் காய்ச்சலும் வரும். கரிசல் சேறு குளம்பில் அப்பி, உள்ளே அழுகும். மண்தரையில் கட்டக்கூடாது, மேடும் வடிகாலும் வேண்டும். தினமும் நாலு காலையும் தூக்கிச் சேற்றை வழித்தெடுக்க ஆள் வேண்டும். மழைக்குப் பின் கடிக்கிற ஈக்கள் சர்ரா நோயைக் கொண்டுவரும், குதிரைக்கு அது ஆளைக் கொல்லி. குடற்புழு மருந்து, சாணத்தை அன்றன்று அள்ளுதல், ஈர வைக்கோலைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெளியே கொட்டுதல் எல்லாம் இந்த இரண்டு மாச வேலை.

மார்கழி, தை. பனிக்காலம். கிழட்டு உடம்பு மெலியும். பல்லைப் பார்க்க வேண்டிய நேரம். குதிரை இனத்துக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓரம் கத்தி மாதிரி ஆகிக் கன்னத்தைக் கிழிக்கும். வருஷம் ஒருமுறை அரத்தால் ராவிவிட வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் தட்டை கிடந்தும் பட்டினிதான். தைப் பொங்கலுக்கு ஆசையாக சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் அள்ளிக் கொடுக்க வருகிறவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தவும் ஓர் ஆள் வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டோடு போட்டோ எடுக்க வருகிறவர்களும் அதே கணக்கில்தான் சேர்த்தி. நல்லெண்ணத்தில் கொடுத்த ஒரு வாளிச் சோறு ஒரு குதிரையைக் கொன்றுவிடும்.

இந்த வரிசையில் தீபாவளியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதுதான் நாலாவது வாதம். "பட்டாசைக் குறை சொல்லப் போறீங்களா அண்ணாச்சி? நம்ம ஊர்ல இருந்துகிட்டா?"

இல்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்ததிலிருந்து இந்தக் கந்தக பூமியில் அடுப்பு எரிவதே தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் சம்பளத்தில்தான். பட்டாசே வேண்டாம் என்று டெல்லியில் உட்கார்ந்து சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் வெடியின் சத்தமும் வேகமும் என்ன என்று இந்த நாட்டில் வேறு யாரை விடவும் நமக்குத்தானே தெரியும்? வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிற விதி நம் தொழிலுக்குப் போட்ட விதி. 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் என்று நிச்சயமாகத் தெரிந்தால், ஒரு கொட்டகைக்காரன் சமாளித்துவிடுவான். பொழுது சாயுமுன் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து, ஜோடியைப் பிரிக்காமல் விட்டு, முன்னால் நிறையத் தட்டை போட்டு, கழுத்தில் சுருக்குக் கயிறு இல்லாமல் அவிழ்த்துவிட்டு, விளக்கைப் போட்டு, கூடவே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கலாம். சத்தம் கேட்டால் குதிரை ஓடும். கட்டிப்போட்ட குதிரை கயிற்றோடு போராடிக் காலை ஒடித்துக்கொள்ளும். கழுதை ஓடாமல் உறைந்து நிற்கும், மறுநாள் தீனி எடுக்காது. சமாளிக்க முடியாதது எதுவென்றால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும், அதற்கு முந்தின வாரமும், அதற்கடுத்த வாரமும் நினைத்த நேரம் போடுகிற வெடி.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர். கண்மாய்க்கு வருகிற பறவைகள் பயந்து போய்விடும் என்று தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர் அது. நான் அவ்வளவு கேட்கவில்லை. கொட்டகையைச் சுற்றி ஒரு கூப்பிடு தூரத்துக்கு, குறித்த நேரத்துக்கு வெளியே வெடிக்காதீர்கள் என்கிறேன். பட்டாசு செய்கிற ஊரே இதைச் செய்து காட்டினால், நம் தொழிலைத் திட்டுகிறவர்கள் வாயும் கொஞ்சம் அடைபடும். இதில் நமக்கு நஷ்டம் என்ன?

ஐந்தாவது வாதம் வியாபாரிகள் சொல்வது. "சும்மா வச்சுச் சோறு போடறதுக்குப் பதிலா பால் பண்ணையா ஆக்கிடலாமே? லிட்டர் ஆயிரக்கணக்குல போகுதாமே?"

கழுதைப்பால் கதையை நானும் கேட்டிருக்கிறேன். கழுதை சினைப்பட்டால் குட்டி போட ஏறக்குறைய ஒரு வருஷம். அதன் பிறகும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம், அதுவும் குட்டி பக்கத்தில் நின்றால்தான் பால் இறங்கும். குட்டிக்குப் போக மிஞ்சுவது எவ்வளவு? குட்டியைப் பட்டினி போட்டால்தான் லாபம் என்கிற தொழில், கழுதையைக் காப்பாற்றுகிற தொழிலாக எப்படி ஆகும்? தெருத்தெருவாகக் கழுதையை ஓட்டிவந்து சங்கில் பால் கறந்து பச்சைக் குழந்தைக்குப் புகட்டுவது நம் பக்கத்துப் பழக்கம்தான். நம் வயசுக்காரர்களில் பாதிப் பேர் அந்தச் சங்கில் குடித்து வளர்ந்தவர்களாக இருப்போம். அதற்காக அது சரியாகிவிடாது. ஆறு மாசம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள். பேரன் பேத்திக்குச் சங்கு தேடி அலைகிற தாத்தா பாட்டிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் பக்தியையும் சொல்லாமல் விட முடியாது. மழை பெய்யாவிட்டால் கழுதைக்குக் கல்யாணம். மாலை போட்டு, புடவை சுற்றி, மேளம் கொட்டி, உச்சி வெயிலில் ஊர்வலம். மறுநாள் அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கே என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கடைக்குக் கடை "என்னைப் பார் யோகம் வரும்" என்று கழுதைப் படம் மாட்டியிருக்கிறோம். படத்துக் கழுதையைத் தினமும் பார்க்கிறோம், வாசலில் நிற்கிற கழுதை மேல் சுடுதண்ணீரை ஊற்றுகிறோம். கல்யாணத்துக்கு ஆகிற செலவில் ஊர் எல்லையில் ஒரு தண்ணீர்த்தொட்டி கட்டுங்கள். மழை வருமோ வராதோ, வாயில்லா ஜீவன் ஒன்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்.

கொட்டகை ஆரம்பிக்க ஆசைப்படுகிற நல்லவர்களுக்கும் இரண்டு கசப்பான விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, ஆண் கழுதைகளைக் காயடித்தே ஆக வேண்டும். பத்து கழுதையை எடுத்துவைத்து, ஐந்து வருஷத்தில் இருபதாக்குவது காப்பாற்றுவது ஆகாது. இரண்டு, எழுந்திருக்கவே முடியாமல், மருந்துக்கும் அடங்காத வலியில் கிடக்கிற பிராணியை டாக்டர் கையால் வலியில்லாமல் அனுப்பி வைக்கிற துணிச்சல் வேண்டும். "பாவம் சார், அதுவாப் போகட்டும்" என்று நாலு நாள் காக்கைக்கு நடுவில் கிடக்கவிடுவதை நான் கருணை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த இரண்டுக்கும் மனசில்லாதவர்கள் தயவுசெய்து கொட்டகை ஆரம்பிக்க வேண்டாம், தட்டை வாங்கக் காசு கொடுத்தால் போதும்.

இனி, யார் செய்வது? அதற்கும் விதி இருக்கிறது. மாவட்டந்தோறும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் அமைக்க வேண்டும் என்று 2001-ம் வருஷத்து விதி சொல்கிறது. அந்தச் சங்கம் நோய்ப்பட்ட பிராணிகளுக்கு மருத்துவமனையும் காப்பகமும் கட்ட, மாநில அரசு போதிய இடம் கொடுக்க வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. அதனால் நான் கேட்பது புதுச் சலுகை இல்லை, எழுதிவைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன விஷயம். நம் மாவட்டத்தில் தரிசாகக் கிடக்கிற புறம்போக்கில் இரண்டு ஏக்கர் போதும். அந்த இடத்துச் சீமைக்கருவேலத்தை வெட்டி, வேப்பமரமும் புங்கமரமும் வைத்தால் ஐந்து வருஷத்தில் நிழல். சோளத்தட்டைக்கு அருப்புக்கோட்டை பக்கத்து சம்சாரிகள் இருக்கிறார்கள். குளம்பு சீவ, மாட்டுக்கு லாடம் அடிக்கத் தெரிந்த கைகள் இன்னும் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கின்றன. அவர்களுக்கு மாசச் சம்பளம் கொடுத்து இளசுகள் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னால் அந்தத் தொழிலும் அழியாமல் தப்பிக்கும். பட்டாசு, அச்சு, தீப்பெட்டி என்று மூன்று தொழிலில் சம்பாதித்த ஊர் இது. கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மகமை எடுத்துக் கொடுத்துப் பழகிய ஊர். ஒரு வருஷத் தட்டைக் காசு இங்கே கிடைக்காது என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். ரோட்டோரத்தில் அடிபட்டுக் கிடக்கிற கழுதையைப் பார்த்தால் 1962-க்குப் போன் செய்யுங்கள், அரசு கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. வீட்டு வாசலில் பழைய சோற்றுக்குப் பதில் ஒரு வாளி சுத்தமான தண்ணீர் வையுங்கள். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாளில் நான் ஒரு மனு கொடுக்கப் போகிறேன். மேலே சொன்ன 2001 விதியை மேற்கோள் காட்டி, ஒரே பக்கத்தில். நம் வயசுக்காரர்களில் நாலு பேர் கூட வந்து கையெழுத்துப் போட்டால், ஓய்வூதியக்காரன் ஒருத்தனின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. சிரிக்கிறவர்களும் வரலாம். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாலும் செல்லும்.